மேடையின் உயரம்

"நேரா நில்லுங்க மேடம். செருப்பக் கழட்டிடுங்க. முழங்கைய மடக்குங்க."

விழுப்புரம் சாலையில் உள்ள ஒரு மாடுலர் கிச்சன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைப் பையன் தரையிலிருந்து என் முழங்கைவரை டேப்பை இழுத்து அளந்தான். 40 அங்குலம். அதில் ஆறைக் கழித்து 34 என்று நோட்டில் எழுதிக்கொண்டான். "உங்க மேடை 34 இன்ச் மேடம். இனிமே குனியவே வேணாம்" என்றான். பக்கத்தில் என் கணவர் கிரானைட் துண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைவிட ஏழு அங்குலம் உயரம். "சாரையும் அளந்துக்கப்பா" என்றேன். பையன் சிரித்தான். கணவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். டேப் சுருண்டு அதன் கூட்டுக்குள் போய்விட்டது.

ரெட்டியார்பாளையத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே வந்தது. யாருடைய முழங்கைக்கு மேடை கட்டுகிறோமோ அவர்தான் அங்கே நிற்கப்போகிறவர். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு டேப் அதை முடிவுசெய்தது, நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று ஒத்துழைத்தேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள் நான். பெண்ணெழுத்து பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த மேடைகளின் உயரத்தை எவரும் என் முழங்கைக்கு அளந்ததில்லை. மைக்கை எட்டிப் பிடித்துத்தான் பேசியிருக்கிறேன்.

எங்கள் வீடு 1986இல் மாமனார் கட்டியது. அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், ஏழுக்கு ஒன்பது அடியில் ஒரு சமையலறை. கடப்பா கல் மேடை, கடப்பா கல் அலமாரி, கைக்கெட்டாத உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். ஜன்னல் கிடையாது. அத்தை அதில் முப்பத்தெட்டு வருடம் சமைத்தார். அதில் கடைசி பதினெட்டு வருடம் நானும் கூட நின்றேன். இருவர் ஒரே நேரத்தில் திரும்பினால் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் சமையலறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நடுவில் ஒரு காலத்தில் மேடைக்குக் கீழே அடித்திருந்த ப்ளைவுட் கதவுகள் நனைந்த ரொட்டியைப்போல ஊதிப்போயின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நான்கு மாதங்கள் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இரவில் விடைத்தாள் திருத்தி முடித்ததும் போனில் சமையலறைப் படங்களைப் பார்ப்பேன். சாம்பல் பச்சை நிறக் கதவுகள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பித்தளைக் கைப்பிடிகள், பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளில் பார்த்த உயரமான ஜன்னல்கள். முந்நூறு படங்களுக்கு மேல் சேர்த்துவைத்தேன். ஒரு கவிதை வரிக்குச் சொல் தேடுகிற அதே ஆவலோடு ஒரு ஓட்டின் நிறத்தைத் தேடினேன். ஒருநாள்தான் கவனித்தேன்: அந்த முந்நூறு படங்களில் ஒன்றில்கூட ஆள் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கரித்துணி இல்லை, பால் பொங்கி வழிந்த தடம் இல்லை. வேலை முழுவதையும் துடைத்துவிட்டு எடுத்த படங்கள். துடைத்தவர் யாரென்று படத்தில் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஊதியமில்லாத வேலை நடக்கும் இடத்தை அழகாக்கினால் அது விடுதலையா, அல்லது இன்னும் கொஞ்சம் வசதியான கட்டுதளையா? நல்ல சமையலறைக்கு ஆசைப்படுவது தப்பா? ஆசைப்படாமல் இருட்டிலேயே நின்று முதுகை ஒடித்துக்கொள்வதுதான் பெண்ணியமா?

நான் வகுப்பில் நடத்தும் பாடங்களிலேயே விடை தேடினேன். நற்றிணை 120ஆம் பாட்டில் மாங்குடி கிழார் ஓர் அட்டிலைக் காட்டுகிறார். அட்டில் என்றால் சமையலறை. அட்டில், அடுப்பு, அடுக்களை எல்லாம் அடு என்ற வேரிலிருந்து பிறந்தவை. அதே அடுவுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. அந்தப் பாட்டில் ஒரு பெண் வாளை மீன் அரிந்து விரல் சிவக்கிறாள். புகை கண்ணில் ஏறுகிறது. நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். கணவன்மீது கோபம் வேறு. கணவன் என்ன செய்கிறான்? விருந்தாளி யாராவது வரட்டும் என்று ஆசைப்படுகிறான். விருந்து வந்துவிட்டால் அவளால் முகத்தைக் காட்ட முடியாது, சிரித்தே ஆகவேண்டும். நான் மாணவியாக இருந்தபோது இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகத்தான் இதைப் படித்தேன். இப்போது நடத்தும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: கோபமாக இருக்கும் ஒருத்தியிடம் இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்துச் சமைக்கச் சொல்வது எப்படிச் சமாதானமாகும்? வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.

எங்கள் ஊர்க் கவிஞர் பாரதிதாசனிடம் வந்தால் நிலைமை மாறுகிறது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. அவருடைய 'குடும்ப விளக்கு' தங்கம் என்கிற படித்த பெண்ணின் ஒரு நாளைச் சொல்லித் தொடங்குகிறது. விடியலுக்கு முன்னே எழுந்து கோலம், பிள்ளைகள், சமையல், கணவன், மாமன் மாமி, கடைக் கணக்கு என்று ஓடும் நாள். ஆனால் அதே நூலில்தான் அவர் வேறொன்றும் சொல்கிறார். சமையல் என்பது பெண்ணுக்கு விலக்க முடியாத கடமை என்று இந்த நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதே, அதை ஒழிக்கப் பெண்கள் படிக்க வேண்டும் என்கிறார். எண்பது வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆண் இதை எழுதியது பெரிய விஷயம். நான் படித்தேன். முனைவர் பட்டமும் வாங்கினேன். சட்டம் நீங்கவில்லை. பட்டத்தோடு சேர்த்து 34 அங்குல மேடைதான் கிடைத்தது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், பெரிய வீடொன்றின் இருட்டு மூலையில் இருக்கும் சமையலறையைக் கொஞ்சம் விரிவாக்கலாம் என்று மருமகள் மீனாட்சி சொல்லிப் பார்க்கிறாள். அதற்குப் பதிலாக வராந்தாவில் துணி காயப்போடும் கயிறுகள் வந்துசேர்கின்றன. எனக்கு அந்த நிலைமை இல்லை. வீட்டில் யாரும் மறுக்கவில்லை. கேட்டதற்குமேல் பணம் ஒதுக்கினார்கள். மறுப்பு வந்திருந்தால் எதிர்த்துப் பேச எனக்குத் தெரியும். இவ்வளவு அன்பாகத் தரப்படும் மூலையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நான் சேர்த்த படங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜெர்மனியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்கிற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ ஆறே கால் அடிக்குப் பதினொரு அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் அவருக்கு மாதிரி. ஸ்டாப் வாட்ச் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். உணவுப் பொருட்களுக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் முக்காலி, சுவரோடு மடங்கும் இஸ்திரிப் பலகை, வெளிச்சத்துக்கு ஜன்னல். ஃபிராங்க்ஃபர்ட்டில் மட்டும் சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் சொல்வதற்கெல்லாம் அதுதான் பாட்டி.

ஷூட்டே-லிகோட்ஸ்கி இடதுசாரி. பின்னாளில் நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டு 1941இல் கைதாகி, 1945வரை சிறையில் இருந்தவர். பெண்ணின் வேலை நேரத்தைக் குறைத்தால் அவளுக்கு வெளியுலகத்துக்கு நேரம் கிடைக்கும் என்பதுதான் அவர் நினைப்பு. அதை வடிவமைக்கும் முன் தான் சமைத்ததே இல்லை, குடித்தனம் நடத்தியதில்லை என்று அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருடம் கழித்து வந்த பெண்ணியவாதிகள் அவரைக் கேள்வி கேட்டார்கள். அந்தச் சமையலறையில் ஒருவர் மட்டுமே நிற்க இடம் இருந்தது. முன்பெல்லாம் பெரிய அடுக்களையில் பிள்ளைகளும் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். புதியதில் அவள் தனியாக நின்றாள். நடை குறைந்தது. ஆள் சேரவில்லை.

இயந்திரங்களின் கதையும் இதுதான். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளிவந்த தன் நூலில், வீட்டுக்குள் கருவிகள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள்தான் முதலில் மறைந்தன, அம்மாவின் வேலை மறையவில்லை என்று காட்டினார். அத்தை கோவனைப் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னார்: "ஆட்டுக்கல்லு இருந்தப்ப வாரத்துக்கு ஒருநாள்தான் இட்லி. கிரைண்டர் வந்ததும் தெனமும் இட்லியா போச்சு. நான் எங்க ஓய்ஞ்சேன்?" 2024ஆம் ஆண்டின் இந்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். மிக்ஸியும் கிரைண்டரும் கேஸ் அடுப்பும் வந்த பிறகு எடுத்த கணக்கு இது.

இதையெல்லாம் யோசித்து நான் சில முடிவுகள் எடுத்தேன். அத்தையிடம் போய், "உங்களுக்கு என்ன வேணும் அத்த?" என்று கேட்டேன். "என்னப் போய் கேக்கறியே" என்றார் முதலில். மறுநாள் காலை தானாகவே வந்து சொன்னார்: "கெழக்கால சந்துல யார் போறா வர்றான்னு தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வெக்கச் சொல்லு." முப்பத்தெட்டு வருட ஆசை அது. மாமனாரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லையாம். கிழக்குச் சுவரை உடைத்து நாலடி ஜன்னல் வைத்தோம். டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். "உப்பு எங்க இருக்கு?" என்ற கேள்விக்கு வீட்டில் இனி இடமில்லை என்று அறிவித்தேன். அடுப்பு மேடையை 36 அங்குலமாக உயர்த்தச் சொன்னேன், கணவரும் நிற்பதற்காக. காலைச் சிற்றுண்டி அவர் பொறுப்பு என்று ஏற்பாடு. முதல் வாரம் உப்புமா, இரண்டாவது வாரமும் உப்புமா. பரவாயில்லை.

அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் கழிவுநீர்க் குழாயைப் பற்றிப் பேச வேண்டும் என்று பிளம்பர் கறாராக இருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. 2024 ஜூனில் எங்கள் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக ஏறி ஒரு சிறுமி உட்பட மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். வீட்டின் கண்ணுக்குத் தெரியாத பாகங்கள் பழுதானால் முதலில் அடிபடுவது வீட்டுக்குள் இருப்பவர்கள்தான். தொட்டிக்குக் கீழே எப்போதும் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கும் வளைவுக் குழாயைச் சரியாகப் பொருத்திவிட்டுத்தான் அவர் மற்ற வேலைக்குப் போனார். என் முந்நூறு படங்களில் அந்த வளைவு ஒன்றிலும் இல்லை.

வேலை முடிந்தது. தோழிகள் வந்து பார்த்துப் போனார்கள். நான் ஒருவிதமாக நிம்மதியானேன். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். எல்லோரையும் கேட்டுக் கட்டிய சமையலறை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கல்லூரி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சமையலறைக்குள் போனேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் அக்கா பாத்திரத் தொட்டிமுன் நின்றிருந்தார். காலுக்குக் கீழே இரண்டு செங்கல், அதன்மேல் ஒரு பலகை. பழைய சமையலறையை இடித்தபோது கொல்லையில் ஒதுக்கிய பலகை அது. அப்படி நின்றும் தொட்டி அவருக்கு உயரமாகத்தான் இருந்தது. கையைத் தூக்கித் தேய்த்ததால் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கை முழுவதும் நனைந்திருந்தது.

முன்பு அவர் கொல்லைக் குழாயடியில் மணைபோட்டு உட்கார்ந்து தேய்ப்பார். உட்கார்ந்து எழுந்தால் முட்டி வலிக்குமே, இனி உள்ளேயே நின்று தேய்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் தொட்டியை உள்ளே கொண்டுவந்தேன். அவர் உயரம் நாலடி ஒன்பது அங்குலம் இருக்கும். தொட்டி என் முழங்கைக்கு வைத்தது.

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"நீங்க கேக்கலியே டீச்சர்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குக்கரைத் தேய்க்கத் தொடங்கினார்.

கடைப் பையன் என் கணவரை அளக்காமல் விட்டதைப் பற்றி நான் எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன்! ஃபிராங்க்ஃபர்ட்வரை போய் நியாயம் கேட்டேன். அத்தையின் ஜன்னலுக்காகக் கண்கலங்கினேன். அந்தத் தொட்டிமுன் தினமும் ஒரு மணி நேரம் நிற்கப்போகிற ஒரே உடம்பு என் நினைவுக்கே வரவில்லை. எல்லோரையும் கேட்டேன் என்று சொன்னேனே, அந்த எல்லோருக்குள் அவர் இல்லை. அவருடைய டீ தம்ளர் புதிய அலமாரியிலும் தனியாகத்தான் கவிழ்ந்திருந்தது. அதை அங்கே வைத்தது நான்தான். எப்போது, ஏன் வைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஞாபகமில்லாமல் செய்கிற அளவுக்குப் பழகியிருக்கிறது கை.

படித்த பெண்கள் சமையலறையிலிருந்து வெளியே வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் நடந்தது வேறு. நாம் நகர்ந்த இடத்தில் இன்னொரு பெண் வந்து நின்றாள். பாரதிதாசன் சொன்ன அந்த எழுதாத சட்டம் ஒழியவில்லை. படிக்க வசதி கிடைக்காதவளின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது. கணவரோடு போட்ட ஏற்பாட்டிலும் இதைப் பார்க்கலாம். சமையலைப் பங்கு போட்டோம். பாத்திரம் தேய்ப்பது பங்கிடும் பட்டியலிலேயே வரவில்லை. அதற்குத்தான் ஆள் இருக்கிறதே.

தொட்டியை இறக்க வேண்டும் என்றேன். "நல்லா இருக்கற கிரானைட்ட எதுக்கு ஒடைக்கணும்? ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுத்தா போச்சு" என்றார் கணவர். ஈரத் தரையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் தேய்த்துப் பாருங்கள் என்றேன். இந்தமுறை அக்காவைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லாமல், நானே தரையில் உட்கார்ந்து அளந்தேன். தொட்டியின் விளிம்பு 30 அங்குலத்துக்கு இறங்கியது. செலவு 14,000 ரூபாய். இப்போது எங்கள் மேடை ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. போட்டோவில் கோணலாகத் தெரியும்.

இறக்கி முடித்த அன்று அக்கா தேய்த்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "மேடைக்கு இவ்வளோ செலவு பண்றீங்களே டீச்சர், மூணு வருஷமா சம்பளம் ஏத்தலியே, அத பாக்கக் கூடாதா? ஞாயித்துக்கெழம ஒருநாள் லீவும் வேணும்" என்றார்.

நாலு மாதம் படம் பார்த்து, நாலு லட்சம் செலவழித்து, சங்க இலக்கியம் தொட்டு எல்லாம் யோசித்தவளுக்கு இந்த இரண்டும் தோன்றவில்லை. சம்பளத்தை ஏற்றினோம். ஞாயிறு விடுமுறை, சம்பளப் பிடித்தம் கிடையாது. தம்ளரை எடுத்து மற்ற தம்ளர்களோடு வைத்தேன். முதல் இரண்டு நாள் அக்காவே அதைத் தேடி எடுத்துத் தனியாக வைத்தார். நான் மறுபடி எடுத்துச் சேர்த்து வைத்தேன். இப்போதெல்லாம் எது அவர் தம்ளர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தை இது அழித்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அழகான சமையலறைக்கு ஆசைப்படுவது தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். வெளிச்சமும் காற்றும் கைக்கெட்டும் அலமாரியும் எந்த உழைப்புக்கும் உரிமையானவை. ஆனால் ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், இங்கே யாரெல்லாம் நிற்கிறார்கள், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு, யார் நிற்காமலே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போனால் டேப் வைத்திருப்பவர் நமக்காக எழுதிவிடுவார். நான் போனது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் கணவரும் மகனும் தேய்க்கிறார்கள். 30 அங்குலத் தொட்டிமுன் ஐந்தடி பதினொரு அங்குலக்காரர் நன்றாகவே குனிய வேண்டியிருக்கிறது. போன வாரம் பாதியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு ரொம்ப எறக்கமா இருக்கு" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை திரும்பாமலே சொன்னார்: "பலக ஒண்ணும் உதவாது உனக்கு. குனிஞ்சு தேயி."